கப்பலேறிய இமாம்: பாரிஸில் கற்று, கெய்ரோவில் கற்பித்த ரிஃபாஆ அத்தஹ்தாவி

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில், நம் மஹல்லாவின் பல இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா? எவ்வளவு செலவாகும்? படித்து முடித்தால் அங்கேயே வேலை கிடைக்குமா? இவையனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய மற்றொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வெளிநாட்டில் பெற்ற கல்வி, அங்கே செல்ல இயலாதவர்களுக்கு எவ்வாறு வந்து சேரும் என்பதே அது.

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்ற ஒருவரின் வரலாற்றை இந்த ஆண்டு மலரில் ஜமாஅத்தார்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன். அவர் எகிப்து நாட்டைச் சேர்ந்தவர், அல்-அஸ்ஹரில் ஓதியவர், இமாமாகப் பணிபுரிந்தவர். ஒரு மாணவர் குழுவுக்குத் தொழுகை நடத்துவதற்காகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். அக்குழுவில் எல்லோரையும் விடப் புகழ்பெற்ற மாணவராகவும், பின்னர் ஒரு தலைமுறைக்கே ஆசிரியராகவும் விளங்கியவர். ரிஃபாஆ ராஃபிஉ அத்தஹ்தாவி (ரஹ்) என்பது அவர் பெயர்.

கல்விக்காகப் பயணம்

கல்வியைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது நமக்குப் புதிதன்று. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், காஸாவில் பிறந்தார்கள், மக்காவில் வளர்ந்தார்கள், மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார்கள், பாக்தாதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களிடம் கற்றார்கள். பின்னர் அதே பாக்தாதில் தாமே கற்பித்தார்கள். இறுதியில் எகிப்துக்குச் சென்று, ஹிஜ்ரி 204இல் வஃபாத்தாகும் வரை அங்கே பாடம் நடத்தினார்கள். எகிப்தில் வாழ்ந்த காலத்தில் தம் முந்தைய முடிவுகள் பலவற்றை மறு ஆய்வு செய்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் 'பழைய கூற்று', 'புதிய கூற்று' என்று நாம் ஓதுவது இதனால்தான். பிற நாட்டில் கற்பிப்பவர் அந்நாட்டாருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, அவரும் அங்கிருந்து பெறுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அல்-அஸ்ஹரில் வெளிநாட்டு மாணவர்கள் நாடுவாரியாகத் தங்குவதற்கு 'ரிவாக்' என்னும் விடுதிகள் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தன. உலகமே அங்கே ஓத வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் போக்கு திசை மாறியது. எகிப்து தன் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

காலத்தின் நெருக்கடி

1798இல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியது. படைவீரர்களோடு அறிஞர் கூட்டம் ஒன்றும் வந்தது. அவர்கள் கெய்ரோவில் ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவி, நூலகமும் கருவிகளும் அச்சுக்கூடமும் வைத்துப் பணியாற்றினார்கள். 1801இல் பிரெஞ்சுப் படை வெளியேறியது. அதே ஆண்டில்தான் மேல் எகிப்தில் உள்ள தஹ்தா என்னும் ஊரில் ரிஃபாஆ பிறந்தார்.

1805இல் ஆட்சிக்கு வந்த முஹம்மது அலீ பாஷா, ஐரோப்பியப் படையின் வலிமையைக் கண்ணால் கண்டவர். அத்தகைய படை தமக்கும் வேண்டுமென விரும்பினார். படைக்கு மருத்துவர் வேண்டும், பொறியாளர் வேண்டும், கப்பல் கட்டுவோர் வேண்டும், இவர்களை உருவாக்கப் பள்ளிகளும் நூல்களும் வேண்டும். எனவே மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். புலாக் நகரில் அரசு அச்சகம் நிறுவப்பட்டதும் இக்காலத்தில்தான். அவருடைய நோக்கம் கல்விக்காகக் கல்வி என்பதன்று. படையே முதல் நோக்கம். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றின் பிற்பகுதியில் நேர்ந்த துயரத்திற்கு இதுவே வேர்.

முஹம்மது அலீயின் நிலச் சீர்திருத்தங்களால் ரிஃபாஆவின் குடும்பம் தன் வருவாயை இழந்தது. சிறுவயதிலேயே குர்ஆனை மனனம் செய்த அவர், தாய்வழி உறவினர்களான ஆலிம்களிடம் தொடக்கப் பாடங்களை ஓதினார். தந்தையின் மறைவுக்குப் பின் 1817இல் அல்-அஸ்ஹரில் சேர்ந்தார்.

வழிகாட்டிய உஸ்தாத்

அங்கே அவருக்கு வாய்த்த உஸ்தாத் ஷைகு ஹஸன் அல்-அத்தார் (ரஹ்). பிரெஞ்சுக்காரர்கள் கெய்ரோவில் இருந்தபோது அவர்களுடைய அறிஞர்களோடு பழகியவர் இவர். சிலருக்கு அரபி கற்றுக்கொடுத்து, அவர்களுடைய நூல்களையும் கருவிகளையும் பார்த்தறிந்தவர். பின்னர் துருக்கியிலும் ஷாம் தேசத்திலும் பத்தாண்டுகளுக்கு மேல் பயணம் செய்து, கற்றும் கற்பித்தும் நாடு திரும்பியவர். பிற்காலத்தில் அல்-அஸ்ஹரின் தலைமை ஷைகாகப் பொறுப்பேற்று 1835இல் மறைந்தார்.

வழக்கமான பாடத்திட்டத்தில் இல்லாத வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றின் பக்கம் ரிஃபாஆவின் கருத்தைத் திருப்பியவர் இவரே. ஓதி முடித்த ரிஃபாஆ ஏறத்தாழ இரண்டாண்டுகள் அல்-அஸ்ஹரிலேயே பாடம் நடத்தினார். 1824இல் புதிய படைப்பிரிவு ஒன்றின் இமாமாக நியமனம் பெற்றார். 1826இல் பாரிஸுக்குச் செல்லும் மாணவர் குழுவுக்கு ஓர் இமாம் தேவைப்பட்டபோது அவருடைய பெயரைப் பரிந்துரைத்தவரும் ஷைகு அத்தார்தான். அங்கே காண்பதையெல்லாம் எழுதி வைக்குமாறும் அவர் தம் மாணவரிடம் கேட்டுக்கொண்டார்.

ஜமாஅத்தார்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ரிஃபாஆவின் வெளிநாட்டுக் கல்வி கப்பல் துறைமுகத்தில் தொடங்கவில்லை. தாமே பயணம் செய்து பிறரிடம் கற்ற ஓர் ஆசிரியரின் வீட்டில் அது தொடங்கியது. புறப்படும்போது அவருக்கு வயது 24. மார்க்கக் கல்வியில் தேர்ச்சியும், கற்பித்த அனுபவமும், எழுத்தில் பழக்கமும் அவரிடம் முன்பே இருந்தன.

பாரிஸில் ஐந்தாண்டுகள்

ஹிஜ்ரி 1241 ரமளான் மாதம், அதாவது 1826 ஏப்ரலில், அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் புறப்பட்டது. குழுவில் 40க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தனர். துருக்கி மொழி பேசும் உயர்குடியினர் அவர்களில் பலர். எகிப்து மண்ணின் மைந்தர்கள் குறைவு. மருத்துவம், பொறியியல், கப்பற்படைக் கலை, வேளாண்மை, வேதியியல், அச்சுக்கலை, நிர்வாகம் என ஒவ்வொருவருக்கும் ஒரு துறை வகுக்கப்பட்டது. இமாமின் பணி தொழுகை நடத்துவதும் மார்க்க அறிவுரை கூறுவதும் மட்டுமே. ஆயினும் கப்பலிலேயே ரிஃபாஆ பிரெஞ்சு மொழியைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

மே மாதம் கப்பல் மார்செய் துறைமுகத்தை அடைந்தது. நோய்த்தடுப்பு விதிப்படி வந்தவர்கள் அனைவரும் சில நாட்கள் தனித்து வைக்கப்பட்டனர. அந்த நாட்களையும் அவர் வீணாக்கவில்லை. நோய்த்தடுப்புக்காகத் தனித்திருத்தல் மார்க்கத்தில் கூடுமா என்பது குறித்துத் துனீசியாவின் மாலிகி அறிஞர் ஒருவரும் ஹனஃபி முஃப்தி ஒருவரும் மாறுபட்டு விவாதித்ததைத் தம் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். புதிய நடைமுறை ஒன்றைக் கண்டதும் அதை வெறுத்து ஒதுக்கவோ கண்மூடி ஏற்கவோ முற்படாமல், ஆலிம்கள் அது குறித்து என்ன கூறினார்கள் என்று தேடும் மனப்பாங்கு அவருடையது.

பாரிஸில் மாணவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு ஜொமார் என்ற அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் நெப்போலியனின் படையோடு எகிப்துக்கு வந்தவர். எகிப்தைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர்கள் தொகுத்த பெருநூலின் பதிப்பாசிரியர். முதலில் எல்லா மாணவர்களும் ஒரே வீட்டில் தங்க வைக்கப்பட்டார்கள். தங்களுக்குள் சொந்த மொழியிலேயே பேசிக்கொண்டிருந்ததால் அவர்களுக்குப் பிரெஞ்சு மொழி கைவரவில்லை. ஆகவே ஒருவர், இருவர், மூவராகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். இன்றும் வெளிநாடு செல்லும் நம் இளைஞர்கள் ஒரே ஊர்க்காரர்களாக ஓர் அறையில் கூடி வாழ்வதைக் காண்கிறோம். அதில் ஆறுதல் உண்டு, பாதுகாப்பும் உண்டு. மொழி மட்டும் வளர்வதில்லை.

ரிஃபாஆவின் ஆர்வத்தைக் கண்ட பொறுப்பாளர்கள் அவருக்கு மொழிபெயர்ப்புத் துறையை ஒதுக்கினார்கள். அரசு அளித்த பாடங்கள் போதாமல், தம் சொந்தப் பணத்தில் நூல்களை வாங்கினார். தனியே ஓர் ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார். இரவில் இடையறாது படித்ததால் இடக்கண் பலவீனமடைந்தது. இரவில் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்தும் அவர் நிறுத்தவில்லை. வரலாறு, புவியியல், கணிதம், சட்டம், தத்துவம் எனப் பரந்து படித்தார். மொந்தெஸ்கியூ, ரூசோ, வால்தேர், ரஸீன் ஆகியோரின் எழுத்துகள் அவற்றில் அடங்கும். சில்வெஸ்தர் த ஸாஸி போன்ற கீழ்த்திசை மொழி வல்லுநர்களோடு நட்புக் கொண்டார்.

மாணவர்கள் மாதந்தோறும் தங்கள் முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று கெய்ரோவிலிருந்து பாஷா கண்டிப்பான கடிதம் எழுதினார். சோம்பலைக் கடிந்துகொள்ளும் அக்கடிதத்தையும் ரிஃபாஆ தம் நூலில் அப்படியே சேர்த்திருக்கிறார். 1830இல் இறுதித் தேர்வு நடந்தது. தாம் மொழிபெயர்த்த 12 ஆக்கங்களைத் தேர்வுக் குழுவின் முன் வைத்தார். மூலத்தின் ஒரு சொல்லை அவர் சில வேளைகளில் ஒரு வாக்கியமாக விரித்துவிடுகிறார் என்றும், ஆயினும் பொருள் சிதைவதில்லை என்றும் தேர்வாளர்கள் கருதினார்கள். 1831இல் நாடு திரும்பினார்.

இரு கண்களாலும் பார்த்தவர்

பாரிஸ் அனுபவங்களை அவர் எழுதிய நூல் 'தக்லீஸுல் இப்ரீஸ்' என்பது. 1834இல் புலாக் அச்சகத்தில் அச்சானது. அதற்கு முன்னுரை வழங்கியவர் உஸ்தாத் அத்தார். பாஷா அந்நூலை அரண்மனைகளிலும் பள்ளிகளிலும் படிக்கச் செய்தார். 1839இல் துருக்கி மொழியிலும் அது வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு அதன் நடுநிலையில் இருக்கிறது. பாரிஸ் மக்களின் தூய்மை, உழைப்பு, எளியவரும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தமை, நூலகங்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றை மனமாரப் புகழ்ந்தார். அவர்களுடைய மார்க்கப் பற்றின்மையையும் கஞ்சத்தனத்தையும் ஒளிக்காமல் கண்டித்தார். அந்நாட்டில் 'அறிஞர்' என்னும் சொல் மதகுருவைக் குறிப்பதில்லை, அறிவியல்களில் தேர்ந்தவரையே குறிக்கிறது என்று தம் வாசகர்களுக்கு எடுத்துரைத்தார். அல்-அஸ்ஹரில் ஓதிய ஓர் ஆலிம் இதை எழுதியபோது, அது தம் சகாக்களுக்கு விடுத்த அறைகூவலாகவும் அமைந்தது.

1830 ஜூலையில் பாரிஸில் மக்கள் கிளர்ந்தெழுந்து மன்னரை அகற்றிய நிகழ்ச்சியை அவர் நேரில் இருந்து கண்டு எழுதினார். பிரான்சின் அரசியல் சாசனத்தை அரபியில் மொழிபெயர்த்து நூலில் சேர்த்தார். தனியொருவரின் ஆணையே சட்டமாக இருந்த நாட்டில், ஆள்பவரையும் கட்டுப்படுத்தும் எழுதப்பட்ட சட்டம் ஒன்று உண்டு என்பதை மக்கள் அதன் வழியே அறிந்தார்கள்.

மொழியில் அவர் பட்ட பாடும் சிறிதன்று. நாடக அரங்கைக் குறிக்க அரபியில் பொருத்தமான சொல் தமக்குக் கிட்டவில்லை என்று கூறி, பிரெஞ்சுச் சொல்லையே அரபி எழுத்தில் எழுதினார். கலைச்சொல் தேடித் தவிக்கும் நம் தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த இடர்ப்பாடு நன்கு தெரிந்ததே.

நூலின் கையெழுத்துப் பிரதியைப் படித்த த ஸாஸி, ஆசிரியரைப் பாராட்டியதோடு ஒரு குறையையும் சுட்டினார். பாரிஸையும் பெருநகரங்களையும் மட்டும் பார்த்துவிட்டு, பிரெஞ்சு மக்கள் எல்லோரும் இப்படித்தான் என்று சில இடங்களில் முடிவு செய்கிறார் என்பது அக்குறை. ரிஃபாஆ அக்கடிதத்தை மறைத்துவிடவில்லை. தம் நூலிலேயே வெளியிட்டார். விமர்சனத்தை இவ்வாறு ஏற்றுக்கொள்வது கற்றோர்க்கு அழகு. வெளிநாடு சென்று திரும்பும் எவரும் அந்நாட்டைப் பற்றிப் பேசும்போது இந்த எச்சரிக்கையை நினைவில் கொள்ளலாம்.

கற்றவர் கற்பித்தார்

நாடு திரும்பியவர்கள் எல்லோரும் தாம் கற்ற துறையிலேயே பணியமர்த்தப்பட்டார்கள் என்று கூற இயலாது. சிலர் தொடர்பற்ற வேலைகளில் அமர்த்தப்பட்டனர். ரிஃபாஆ மருத்துவப் பள்ளியிலும் பின்னர் பீரங்கிப் படைப் பள்ளியிலும் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பெருநோய் பரவிய காலத்தில் சொந்த ஊரான தஹ்தாவுக்குச் சென்று தங்கியபோதும் ஓய்ந்திருக்கவில்லை. மால்ட்-புரூன் என்பவரின் உலகப் புவியியல் நூலில் ஒரு தொகுதியை அங்கிருந்தே மொழிபெயர்த்து முடித்தார்.

ஆனால் ஒருவர் எத்தனை நூல்களைத்தான் மொழிபெயர்க்க முடியும்? மாணவர்களை எத்தனை காலத்திற்குத்தான் கப்பலேற்றி அனுப்ப முடியும்? ஒவ்வொரு மாணவரும் பாரிஸுக்குச் செல்வதைவிட, பாரிஸில் உள்ள கல்வியைக் கெய்ரோவுக்குக் கொண்டுவருவதே வழி என்று கண்டார். 1835இல் அவருடைய யோசனைப்படி கெய்ரோவின் அஸ்பகிய்யாப் பகுதியில் மொழிப் பள்ளி தொடங்கப்பட்டது. 'மத்ரஸதுல் அல்ஸுன்' என்று அது பெயர் பெற்றது.

ஊரூராகத் தேடி மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். பிரெஞ்சு, அரபி, துருக்கி மொழிகளோடு வரலாறு, புவியியல், கணிதம், சட்டம் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. அரபி மொழியிலும் மார்க்கச் சட்டத்திலும் பாடம் நடத்த அல்-அஸ்ஹரின் ஆலிம்கள் அழைக்கப்பட்டார்கள். பிறமொழி கற்பவர் தாய்மொழியில் பலமாக நின்றால்தான் மொழிபெயர்ப்பு நிற்கும் என்பது அவர் கொள்கை. மாணவர்கள் மொழிபெயர்த்ததை அவரே வரிக்குவரி பார்த்துத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். இஷாவுக்குப் பின்னரோ இரவின் கடைப்பகுதியிலோ பாடம் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நின்றபடியே கற்பிப்பார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1841இல் மொழிபெயர்ப்புக்கெனத் தனி அலுவலகம் ஒன்றும் அவர் பொறுப்பில் அமைந்தது.

அப்பள்ளியில் கற்றவர்களில் ஒருவரை ஆலிம்கள் நன்கறிவர். ஹனஃபி மத்ஹபின் குடும்பவியல் சட்டங்களைப் பிரிவு பிரிவாகத் தொகுத்து, நீதிமன்றங்களுக்குப் பயன்படும் வகையில் வரிசைப்படுத்திய முஹம்மது கத்ரீ பாஷா இப்பள்ளியின் மாணவரே. மொழிபெயர்ப்பாளராக விளங்கித் தம் ஆசிரியரின் வரலாற்றையும் எழுதிய ஸாலிஹ் மஜ்தி, 'வாதின் நீல்' இதழை நடத்திய அபுஸ்ஸுஊத் ஆகியோரும் அங்கே கற்றவர்கள். இவர்கள் தம் ஆசிரியரின் வழியாகவே பிரெஞ்சு நூல்களின் உலகுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் கடல் கடந்து கற்றதன் பயனை, கடல் கடக்காத பலர் பெற்றார்கள்.

பூட்டப்பட்ட பள்ளி

இங்கேதான் ஜமாஅத்தார்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது.

1841இல் வல்லரசுகளின் நெருக்குதலால் எகிப்தின் படை 18,000 வீரர்களாகக் குறைக்கப்பட்டது. படைக்காக எழுப்பப்பட்ட பள்ளிகளின் தேவையும் குறைந்தது. 1848இல் ஆட்சிக்கு வந்த அப்பாஸ் பாஷா, பாட்டனார் முஹம்மது அலீ தொடங்கிய பணிகள் பலவற்றை நிறுத்தினார். மொழிப் பள்ளி மூடப்பட்டது. 1850இல் ரிஃபாஆ சூடானில் உள்ள கார்ட்டூம் நகருக்கு, அங்கே திறக்கப்படும் ஒரு தொடக்கப் பள்ளியை நடத்துமாறு அனுப்பப்பட்டார். மொழிப் பள்ளியின் தலைவரைத் தொலைதூரத்துத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பியதை நாடுகடத்தல் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவரோடு சென்ற பலர் அந்தத் தட்பவெப்பத்தில் நோயுற்று மாண்டனர். பாரிஸ் குழுவில் அவரோடு பயணம் செய்து பொறியியல் கற்று வந்த பய்யூமியும் கார்ட்டூமிலேயே உயிர்நீத்தார்.

ரிஃபாஆ மனமுடைந்தார். தம்மைத் திரும்ப அழைக்குமாறு கவிதையில் முறையிட்டார். ஆயினும் பாடம் நடத்துவதை விட்டுவிடவில்லை, எழுதுகோலையும் கீழே வைக்கவில்லை. ஃபெனலோன் என்ற பிரெஞ்சு ஆசிரியரின் 'தெலமாக்' என்னும் நூலை அங்கேதான் மொழிபெயர்த்தார். ஓர் இளவரசன் தன் ஆசிரியரோடு பல நாடுகளில் பயணம் செய்து, நல்லாட்சி இன்னது, கொடுங்கோன்மை இன்னது என்று கற்றுக்கொள்ளும் கதை அது. ஓர் ஆட்சியாளரின் ஆணையால் துரத்தப்பட்ட ஆசிரியர் அந்நூலைத் தேர்ந்தெடுத்ததன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. 1867இல் அது பெய்ரூத்தில் அச்சானது.

1854இல் அப்பாஸ் இறந்த பின்னரே அவர் கெய்ரோ திரும்பினார். மீண்டும் பள்ளிப் பொறுப்பு ஏற்றார். அடுத்த ஆட்சியாளர் காலத்தில் அதுவும் மூடப்பட்டது. 1863இல் இஸ்மாயீல் பாஷா ஆட்சிக்கு வந்தபோது மொழிபெயர்ப்பு அலுவலகம் மறுபடி திறக்கப்பட்டது. தம் பழைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை மொழிபெயர்த்தார். 1870இல் தொடங்கிய 'ரவ்ளதுல் மதாரிஸ்' என்னும் கல்வி இதழுக்கு ஆசிரியரானார். 1872இல் ஆண், பெண் இருபாலரின் கல்வியையும் வலியுறுத்தும் 'அல்-முர்ஷிதுல் அமீன்' என்னும் நூலை வெளியிட்டார். பெண்களுக்குக் கல்வி தேவையா என்று பலர் ஐயுற்ற காலத்தில், அல்-அஸ்ஹரில் ஓதிய ஒருவர் மார்க்கத்தின் அடிப்படையிலேயே அதற்காக வாதிட்டார். 1873இல் அவர் மறைந்த அதே ஆண்டில் கெய்ரோவில் பெண்களுக்கான அரசு ஆதரவுப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக!

அவர் நிறுவிய மொழிப் பள்ளியின் பெயர் அழியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் அது புத்துயிர் பெற்று, அவர் மறைந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து 1973இல் கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாக இணைந்தது.

நமக்குள்ள படிப்பினை

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றை ஒரு தனிமனிதரின் புகழாக மட்டும் படித்து முடித்துவிடக் கூடாது.

ஆட்சியாளர் கொடுத்த பணத்தில் பள்ளி எழுந்தது. ஆட்சியாளர் மாறியதும் பூட்டு விழுந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கியதை ஓர் ஆணை கலைத்தது. எஞ்சி நின்றவை இரண்டு: அச்சேறிய நூல்களும் உருவாக்கப்பட்ட மாணவர்களும். கார்ட்டூமிலிருந்து அவர் திரும்பி வந்தபோது கைகொடுக்க அந்த மாணவர்கள் இருந்தார்கள். ஆகவே கல்விப் பணி ஒரு செல்வந்தரின் கருணையில் மட்டும் தொங்கினால், அவருடைய வியாபாரம் நலிந்த ஆண்டிலேயே நம் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். வசதியுள்ளவர் தருவதைத் தாராளமாகப் பெறுவோம். ஆனால் மஹல்லாவின் ஒவ்வொரு வீடும் சிறு தொகையேனும் சேர்த்து உருவாக்கும் பொதுக் கல்வி நிதியே நிலைத்து நிற்கும். நம் முன்னோர் வக்ஃபு செய்ததன் நோக்கமும் இதுவே.

வெளிநாட்டில் படிக்கவோ ஆசிரியப் பணி செய்யவோ விரும்பும் இளைஞர்களுக்கும் இதில் செய்தி உண்டு. கற்பிக்கும் தொழிலை உலக அளவில் மேற்கொள்ள விரும்புவோர், முதலில் சொந்த ஊரில் கற்பித்துப் பழக வேண்டும். ரிஃபாஆ பாரிஸுக்குச் செல்லும் முன்பே அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். நம் மக்தபில் சிறுவர்களுக்கு மாலை நேரத்தில் கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவர், தமக்குத் தெரியாமலேயே அந்தப் பயிற்சியைப் பெறுகிறார். செல்லும் நாட்டின் மொழியை, அங்கே சென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். சென்ற இடத்தில் நல்லதை நல்லதென்றும் தீயதைத் தீயதென்றும் சொல்லும் துணிவு வேண்டும். காண்பதை எழுதி வைக்க வேண்டும். அக்குறிப்புகள் அடுத்துச் செல்பவருக்கு வழிகாட்டும்.

வெளிநாட்டில் பணிபுரியும் நம் சகோதரர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அவரவர் குடும்பச் சூழ்நிலையை அல்லாஹ்வே நன்கறிவான். ஆனால் விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் மாலை, அஸருக்குப் பின் மத்ரஸா கூடத்தில் நம் பிள்ளைகளோடு அமரலாம் அல்லவா? எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, உதவித்தொகை எவ்வாறு பெறுவது, எந்த முகவரிடம் ஏமாறக் கூடாது என்பதைத் தாம் பட்டறிந்தவர் சொன்னால் அது பல வீடுகளின் பணத்தையும் ஆண்டுகளையும் காக்கும். நிர்வாகக் குழு இதற்கென ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். அந்த அமர்வில் நம் பெண்மக்களுக்கும் தனியிடம் ஒதுக்கப்பட வேண்டும்.

தொழுகை நடத்தச் சென்ற ஓர் இமாம், தம் கண்ணொளியைச் செலவிட்டுக் கற்று, கற்றதை ஒரு நாட்டுக்கே பங்கிட்டுக் கொடுத்தார். நம் மஹல்லாவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும், திரும்பிக் கொடுக்கும் கையோடு செல்ல வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.